நாயின் தோலும் முடியும்: சாப்பாடு, குளியல், சீப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன் பக்கம் வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, நகம் வெட்டிவிடுவது என் தொழில். இந்தப் பக்கத்தில் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. நாயைத் தொட்டியில் நிறுத்தியதுமே பக்கத்தில் ஒருவர் வந்து நின்று கேட்க ஆரம்பிப்பார், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, முடி நல்லா இருக்கணும்னா சாப்பாடு முக்கியமா, குளிப்பாட்டுறது முக்கியமா?

முடி உருவாவது உள்ளே, கெடுவது பெரும்பாலும் வெளியே. முடி கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான். நாய் சாப்பிடும் புரதத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை தோலுக்கும் முடிக்குமே போய்விடுகிறது. சாப்பாட்டில் புரதமும் நல்ல கொழுப்பும் குறைந்தால் உடம்பு இதயம், ஈரல் போன்றவற்றைத்தான் முதலில் கவனிக்கும். தோலுக்கு மிச்சம்தான். அதனால்தான் குறை முதலில் முடியில் தெரிகிறது: சொரசொரப்பு, நிறம் மங்குவது, பொடுகு.

சீப்பும் குளியலும் புது முடியைக் கொண்டுவராது. இருக்கிற முடியையும் தோலையும் காப்பாற்றும். ஆனால் நாய் ஓயாமல் சொறிகிறது என்றால் அது பாதி நேரம் சாப்பாட்டுப் பிரச்சினையும் இல்லை, ஷாம்பூ பிரச்சினையும் இல்லை. அதைக் கீழே உண்ணி, அலர்ஜி கேள்விகளில் பார்க்கலாம்.

எங்க டைகர் தயிர்சாதம்னா உயிரை விடுவான். ரெண்டு வேளையும் அதுதான். போதாதா?

போதாது. 20 கிலோ எடையுள்ள ஒரு நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் சாதத்தில் சுமார் 11 கிராம், 200 கிராம் தயிரில் ஆறு ஏழு கிராம். மொத்தம் 18ஐத் தாண்டவில்லை. வயிறு நிறையும், டைகர் குண்டாகவும் இருப்பான், ஆனால் முதுகைத் தடவினால் காய்ந்த தென்னை நார் மாதிரி இருக்கும்.

சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் எலும்பில்லாத சிக்கன், முட்டை, மீன் சேருங்கள். வெந்த சிக்கன் 100 கிராமில் 27 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம். தயிரை நிறுத்த வேண்டாம், அது கெட்டது இல்லை. இங்கே சிக்கன் கடைகளில் நாய்க்கென்று தனியாக மலிவு விலையில் ஒரு பை தருவார்கள் இல்லையா, கழுத்து, தோல், கால், எலும்பு எல்லாம் கலந்து? அதை வேகவைத்துப் போடுகிறவர்கள் எலும்பைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் குத்தும். ஈரல் சத்தானது, ஆனால் மொத்தச் சாப்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

சாதத்தில் குழம்பு ஊற்றிப் பிசைந்து போடுவது வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். காய்களை எடுத்துவிட்டு வெறும் சாம்பாரை ஊற்றினாலும் வெங்காயச் சாறு அதில்தான் இருக்கிறது.

குட்டிக்கு ராகி கஞ்சி, பால், கால்சியம் சிரப் மூணும் தர்றோம். கண்ணைச் சுத்தி ஏதோ பக்கு பக்கா கட்டுதே?

பெங்களூரில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் குட்டிக்குக் கிடைக்கும். ராகி கெட்ட தானியம் இல்லை. ஆனால் ராகியிலேயே கால்சியம் அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதோடு ஃபைட்டேட் என்ற பொருளும் உண்டு. கால்சியம், ஃபைட்டேட் இரண்டுமே துத்தநாகத்தை, அதாவது ஜிங்க் சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். அதற்கு மேல் பால், அதற்கு மேல் சிரப் என்றால் வேகமாக வளரும் குட்டிக்கு ஜிங்க் பற்றாமல் போகும். கண், வாய் ஓரம், பாதத்தின் அடிப்பகுதி, முழங்கை என்று தோல் தடித்துப் பக்கு கட்டும்.

சிரப்பை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் எலும்பையும் கெடுக்கும். ராகியை ஒரு வேளை, அதுவும் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் இறைச்சி, முட்டை அல்லது குட்டிகளுக்கென்று உள்ள முழுமையான உலர் தீனி கொடுங்கள். ஹஸ்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த ஜாதியில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஜிங்க் சரியாக உறிஞ்சாது. சாப்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதே பக்கு வரும். அதற்கு மாத்திரை தேவைப்படும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஜிங்க் கூடினாலும் விஷம்.

நாங்க சுத்த சைவம், முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. நாய்க்கு என்ன செய்ய?

பூனைக்குச் சைவம் ஆகவே ஆகாது, நாய்க்கு முடியும். ஆனால் வீட்டுச் சமையலில் அது எளிதல்ல. பன்னீர், சோயா, வேகவைத்த பருப்பு, தயிர் எல்லாம் புரதம் தரும். ஆனாலும் ஜிங்க், சில வைட்டமின்கள், சில அமினோ அமிலங்கள் குறையும் வாய்ப்பு அதிகம். என் யோசனை, வயது வந்த நாய்க்கு ‘முழுமையான, சமச்சீரான’ என்று பையில் குறிப்பிட்டிருக்கும் சைவ உலர் தீனியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வீட்டில் செய்வதை மேலே கொஞ்சம் சேருங்கள். பையில் புரதம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஈரப்பதம் நீக்கிய கணக்கில் வயது வந்த நாய்க்குக் குறைந்தது 18, குட்டிக்கு 22.5 என்பது அமெரிக்கத் தீனித் தர அமைப்பின் அளவு.

கொழுப்புக்கு ஒரு எளிய வழி உண்டு. தோலின் தண்ணீர் வெளியே போகாமல் காப்பது லினோலெயிக் அமிலம், அது சூரியகாந்தி எண்ணெயில் தாராளமாக இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு நாளைக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன் போதும். பேதியானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டை அடிச்சு ஊத்தினா முடி மினுமினுன்னு ஆகும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரே?

முட்டை நல்லது, வேகவைத்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது முடிக்குத் தேவையான பயோட்டின் சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வேகவைத்தால் அந்த வேலை நடக்காது. பச்சையாகவே ஊற்றிக்கொண்டிருந்தால் அண்ணன் நினைத்ததற்கு நேர் எதிராகப் போய்விடும்.

தேங்காய் எண்ணெய் சாப்பாட்டுல கலந்து தர்றோம், உடம்புலயும் தடவுறோம். மீன் எண்ணெய் மாத்திரைதான் நல்லதுன்னு கடையில சொல்றாங்க. எது சரி?

நமக்குத் தலையில் தேய்த்துப் பழகிய பாசத்தில் நாய்க்கும் தேங்காய் எண்ணெய் என்று ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. தோலுக்குக் கட்டாயம் வேண்டிய ஒமேகா 6 (மேலே சொன்ன லினோலெயிக் அமிலம் அந்த வகைதான்) மிகக் குறைவு, ஒமேகா 3 இல்லவே இல்லை என்று சொல்லலாம். காய்ந்த மூக்கு, வெடித்த பாதம் இவற்றில் ஒரு துளி தடவினால் தப்பில்லை. உடம்பு முழுக்கத் தடவினால் நாய் நக்கும், தூசி ஒட்டும், சிக்கு விழும். அதைக் கழுவ மறுபடி ஷாம்பூ.

அரிப்பும் வீக்கமும் இருக்கிற தோலுக்கு உதவக்கூடியது மீன் எண்ணெயில் இருக்கும் ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்புகள். டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாதாரண மாத்திரையில் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆகமொத்தம் 300 மில்லிகிராம்தான். டாக்டர் அளவு சொல்வது இந்தக் கூட்டுத்தொகைக்கு. ஆளிவிதை எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை, நாயின் உடம்பு அதில் சிறு பகுதியைத்தான் இந்த வடிவத்துக்கு மாற்றும்.

மீன் ஈரல் எண்ணெய் என்பது வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் அதிகம், தினமும் கொடுத்தால் சேர்ந்து நஞ்சாகும். எந்த எண்ணெயும் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி ஏற்ற வேண்டும். கணையத் தொந்தரவு வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். மீனே கொடுக்க முடிந்தால், ரசல் மார்க்கெட்டில் கிடைக்கும் மத்தியை வாங்கி, வேகவைத்து, முள் எடுத்து வாரம் இரண்டு முறை போடுங்கள். நான் என்னிடம் வரும் நாய்களுக்குச் சொல்வது இதைத்தான், மாத்திரையைவிட மலிவு.

சாப்பாடு மாத்தி பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே?

தெரியாது. நாயின் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே மூன்று வாரம் ஆகும், முடி அதற்கும் மெதுவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரம் ஒரே சாப்பாட்டில் நில்லுங்கள். பத்து நாளைக்கு ஒரு பிராண்டு மாற்றிக்கொண்டே இருந்தால் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருநாளும் தெரியாது. மாற்றும்போதும் ஒரு வாரம் எடுத்து, பழையதோடு புதியதைக் கலந்து மாற்றுங்கள்.

வாரத்துக்கு எத்தனை தடவை குளிக்க வைக்கணும்? குழந்தை ஷாம்பூ போடலாமா?

நல்ல தோல் உள்ள நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். தெருவில் புரண்டு வந்தால் கணக்கு வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பூ என்றால் அவர் சொன்னபடி, சில சமயம் வாரம் இரண்டு முறைகூட வரும். தினமும் குளிப்பாட்டுவது சுத்தம் என்று நினைக்கிறோம். தோலின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கழுவி எடுத்துவிட்டால் தோல் காய்ந்து பொடுகு தட்டும்.

நம் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, நாயின் தோல் அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் நம் ஷாம்பூ, குழந்தை ஷாம்பூ, பாத்திரம் துலக்கும் திரவம் எதுவும் அதற்காகச் செய்தது இல்லை. அவசரத்துக்கு ஒரு தடவை குழந்தை ஷாம்பூ போட்டால் ஒன்றும் ஆகிவிடாது, வழக்கமாக்க வேண்டாம். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி உள்ள மருந்து ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நுரை வந்ததும் கழுவிவிட்டு, ‘இந்த ஷாம்பூ வேலை செய்யல’ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள், அதுவரை பேச்சுக் கொடுத்து வயிற்றைத் தேய்த்துவிட்டால் நாய் பொறுத்துக்கொள்ளும்.

எங்களுக்குக் காவேரித் தண்ணி வராது, போர் தண்ணிதான், இல்லேன்னா டேங்கர். அதனாலதான் முடி கொட்டுதா?

உப்புத் தண்ணீரால் முடி வேரோடு கொட்டாது. ஆனால் ஷாம்பூ நுரைக்காது, நுரைத்தாலும் சரியாகப் போகாது. படிந்துபோன ஷாம்பூதான் அரிப்பைக் கிளப்பும். ஷாம்பூவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துப் போட்டு, நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். கடைசியாக ஊற்ற ஒரு வாளி குடிதண்ணீர் ஒதுக்க முடிந்தால் நல்லது.

மழை ஆரம்பிச்சதும் ஒரு மாதிரி புளிச்ச நாத்தம், பாதத்தை நக்கிகிட்டே இருக்கா. சுத்தமாத்தானே வெச்சிருக்கோம்?

பெங்களூரில் ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் தாண்டியும் விட்டு விட்டுப் பெய்யும். நாயின் உள்முடி மாதக்கணக்கில் சரியாகக் காயாமலே இருக்கும். தோலில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட் அந்த ஈரத்தில் பெருகும். புளித்த நாற்றம், பிசுபிசுப்பு, விரல் இடுக்கில் பழுப்புக் கறை, காதில் கருப்பு அழுக்கு எல்லாம் அதன் அடையாளம். காது தொங்கும் ஜாதிகளுக்கு, லாப்ரடார், காக்கர், ஷி சூ போன்றவற்றுக்கு, கூடுதல் தொல்லை.

வேலை முழுக்கத் துண்டில்தான் இருக்கிறது. வெளியே போய்வந்தால் பாதத்தைக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் பிரித்து, காய்ந்த துண்டால் ஒற்றி எடுங்கள். நான்கு பாதத்துக்கும் ஒரே ஈரத்துண்டு என்றால் கழுவாமல் இருப்பதே மேல். குளித்த பிறகு வயிறு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, வால் அடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் முடியை எதிர்த்திசையில் ஊதி, வேர் வரை காய்ந்ததா என்று விரலை விட்டுப் பாருங்கள். ட்ரையரைச் சூடில்லாத காற்றில் வையுங்கள். மழைக்காலம் முழுக்க ஈரமான கழுத்துப்பட்டையை வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுங்கள். பவுடர் கொட்டி ஈரத்தை மறைக்க வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து அது களியாகிவிடும்.

கோல்டன் ரெட்ரீவர் வீடுகளில் இந்த மாதங்களில் இன்னொன்று வரும். காலையில் நன்றாக இருந்த கன்னத்திலோ தொடையிலோ சாயங்காலம் உள்ளங்கை அளவுக்கு முடி போய், சிவந்து, நீர் கசிந்து நிற்கும். ஈரமும் சொறிதலும் சேர்ந்து வரும் புண் அது. சுற்றிலும் முடியைக் கத்தரித்துக் காற்றுப்பட விட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். களிம்பு பூசி மூடி வைத்தால் பரவும். மழை நின்ற பிறகும் பாதம் நக்குவது தொடர்ந்தால் அலர்ஜி கேள்விக்குப் போங்கள்.

வெயில் தாங்கல, மொட்டை அடிச்சிடுங்கன்னு சொன்னா நீங்க ஏன் மாட்டேங்கறீங்க?

பொமரேனியன், ஸ்பிட்ஸ், ஹஸ்கி, கோல்டன், லாப்ரடார் எல்லாம் இரண்டு அடுக்கு முடி உள்ளவை. மேலே முரட்டு முடி, கீழே பஞ்சு மாதிரி உள்முடி. மேல் அடுக்கு வெயிலைத் தோலில் படவிடாது. உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்துவிட்டால் இடையில் காற்றோட்டம் கிடைக்கும். மொட்டை அடித்தால் இரண்டும் போய்விடும். சில நாய்களுக்கு, முக்கியமாகப் பொமரேனியனுக்கு, முடி திட்டுத் திட்டாக முளைக்கும் அல்லது மாதக்கணக்கில் முளைக்கவே முளைக்காது. மார்ச், ஏப்ரலில் என்னிடம் இதற்காகவே வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போவதும் உண்டு. பரவாயில்லை.

ஷி சூ, பூடில், லாசா இவற்றின் முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும், வெட்டத்தான் வேண்டும். அப்போதும் தோலோடு சேர்த்து மழிக்காமல் ஒரு விரல் அகலம் விடுங்கள். சிக்குப் பிடித்துக் கம்பளிபோல் இறுகிப்போன முடி என்றால் வேறு வழியில்லை, மழித்தே ஆக வேண்டும். சிக்கை எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் இறுகும் என்பதால் முதலில் சிக்கு, அப்புறம்தான் குளியல்.

வீடு பூரா முடி. இது நோயா, சும்மா உதிர்றதா?

தோல் தெரியாமல் உடம்பு முழுக்க ஒரே மாதிரி உதிர்ந்து, அரிப்பும் சிவப்பும் இல்லாமல் இருந்தால் அது இயல்பு. முடி உதிரும் காலத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளமும் தட்பவெப்பமும் முடிவு செய்கின்றன. ராத்திரி பதினொன்று வரை விளக்கு எரியும் ஃபிளாட்டில், குளிரும் வெயிலும் பெரிதாக மாறாத ஊரில், நாய் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். அடர்முடிக்கு ஸ்லிக்கர் என்ற மெல்லிய கம்பிப் பிரஷ்ஷும் உள்முடி வாரும் ரேக்கும் வாரம் மூன்று முறை, குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் சோபா தப்பிக்கும். நம் நாட்டு நாய்க்கும், சிப்பிப்பாறை, கன்னி, முதோல் போன்ற வேட்டை நாய்களுக்கும் அந்த ரப்பர் பிரஷ் தாராளம். கம்பிப் பிரஷ் போட்டால் அவற்றின் மெல்லிய தோல் கீறிவிடும்.

திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தால், வட்டமாக உதிர்ந்தால், பக்கு கட்டினால், அது சும்மா உதிர்வது இல்லை.

உண்ணி வந்தா மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எது நல்லது?

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரல் வரை பாதிக்கும். வேப்பெண்ணெய் நாற்றத்துக்கு உண்ணி கொஞ்சம் ஒதுங்கலாம், சாகாது. உங்கள் நாயில் நீங்கள் பார்ப்பது மொத்தப் படையில் ஒரு சின்னப் பங்குதான். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் தரையோர டைல்ஸ் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பத்தில் அதற்கு ஓய்வு மாதமே கிடையாது, டிசம்பரிலும் உண்ணி பார்க்கிறேன்.

டாக்டர் நாயின் எடை பார்த்துத் தரும் மாத்திரை ஒரு மாதமோ, வகையைப் பொறுத்து 12 வாரமோ காக்கும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த வகை மாத்திரைகள் எல்லா நாய்க்கும் ஆகாது. முதுகில் விடும் சொட்டு மருந்து என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைக் கொண்டுவராதீர்கள், பூனை செத்துப்போகும். ஒட்டியிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்க வேண்டாம். உண்ணிக்குப் பிறகு நாய் சாப்பிடாமல் படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ராத்திரி என்று தள்ளிப்போடாமல் கிளம்புங்கள்.

சிக்கன் அலர்ஜின்னு சொன்னாங்க, நிறுத்திட்டோம். ஆனா சொறியறது நிக்கலையே?

யார் சொன்னது என்று கேட்டால் பெரும்பாலும் இன்னொரு நாய்க்காரர். உண்மையான உணவு அலர்ஜி இருக்கிறது. மாட்டிறைச்சி, பால் பொருள்கள், சிக்கன், கோதுமை ஆகியவற்றுக்கு அது வருவதாக அதிகம் தெரியவந்திருக்கிறது. ஆனால் தெள்ளுப்பூச்சிக் கடியாலும், தூசிப்பேன், மகரந்தம் போன்ற சுற்றுப்புறப் பொருள்களாலும் வரும் அரிப்புதான் அதைவிட அதிகம். கூட்டாளியின் நாய்க்குச் சிக்கன் ஆகாததால் உங்கள் நாய்க்கும் ஆகாது என்று ஆகிவிடாது. சிக்கனை நிறுத்திவிட்டு மறுபடி தயிர்சாதத்துக்குப் போனவர்களும் உண்டு, அப்போது முடியும் கெட்டு அரிப்பும் நிற்காமல் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

கண்டுபிடிக்க ஒரே உருப்படியான வழி விலக்குச் சோதனை. நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அல்லது டாக்டர் தரும் சிதைத்த புரதத் தீனி (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்தது), இது மட்டும் எட்டு வாரம். பிஸ்கட் கிடையாது, சுவையூட்டிய மாத்திரை கிடையாது, தாத்தா மேஜைக்கு அடியில் நீட்டும் சப்பாத்தித் துண்டும் கிடையாது. வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்கவில்லை என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி அரித்தால்தான் உறுதி. ரத்தப் பரிசோதனையில் உணவு அலர்ஜியைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். உண்ணி, தெள்ளு மருந்து போடாமல் இந்தச் சோதனையைத் தொடங்கினாலும் வீண்.

அப்போ தானியமே இல்லாத விலை கூடின தீனி வாங்கினா சரியாகிடுமா?

தானிய அலர்ஜி உறுதியாகாத நாய்க்கு அதில் தனி லாபம் இல்லை. பருப்பு, பட்டாணி அதிகம் சேர்த்த அத்தகைய தீனிகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. முடிவாக நிரூபணம் ஆகவில்லை. அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்குங்கள்.

தெருவுல இருந்து ஒரு குட்டியை எடுத்துட்டு வந்தோம், உடம்பெல்லாம் சொறி. குழந்தைக்கு ஒட்டுமா?

சொறியில் இரண்டு வகை. சார்காப்டிஸ் என்ற பூச்சியால் வருவது காது ஓரம், முழங்கை, வயிறு என்று தொடங்கும், அரிப்பு பயங்கரமாக இருக்கும், மனிதருக்கும் தற்காலிகமாகத் தொற்றிச் சிவப்புப் புள்ளிகள் வரும். டெமோடெக்ஸ் என்ற இன்னொரு பூச்சியால் வருவது குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும்போது வரும். முகத்திலும் முன்காலிலும் முடி உதிரும், அரிப்பு அவ்வளவாக இருக்காது, மனிதருக்கு ஒட்டாது. மூன்றாவதாகப் படர்தாமரை. அது பூஞ்சை, குழந்தைக்கு நிச்சயம் ஒட்டக்கூடியது.

கண்ணால் பார்த்து நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். டாக்டர் பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குவீன்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனையிலும் காட்டலாம், செலவு குறைவு. அதுவரை குட்டிக்குத் தனி இடம், தனித் துணி, தொட்டால் கை கழுவுவது. கந்தகமும் என்ஜின் ஆயிலும் குழைத்துப் பூசும் பழைய வைத்தியம் இன்னும் சில இடத்தில் நடக்கிறது. என்ஜின் ஆயில் விஷம்.

முடி கொட்டுது, ஆனா அரிப்பே இல்ல. வயசாயிடுச்சு, அதனாலதானே?

வயது மட்டும் காரணமாக இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, வாலில் முடி போய், குறைவாகச் சாப்பிட்டும் எடை கூடி, எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். வயிறு தொங்கி, தண்ணீர் அதிகமாகக் குடித்து, தோல் காகிதம் போல மெலிந்தால் குஷிங் நோயாக, அதாவது உடம்பே ஸ்டீராய்டு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. மேலே சொன்ன மீனும் முட்டையும் இங்கே பெரிதாக எதுவும் செய்யாது, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும்.

ஊசி போட்டா ரெண்டு வாரம் சூப்பரா இருக்கு, அப்புறம் பழைய கதை. நாலு டாக்டர் மாத்திட்டோம். இனி என்ன?

நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். அரிப்பை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது. திரும்பத் திரும்பப் போட்டால் மேலே சொன்ன குஷிங் மாதிரியே தோல் மெலிந்து முடி உதிரும். சுற்றுப்புற அலர்ஜி என்பது முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள்தான் வைக்க முடியும். அதற்கு ஸ்டீராய்டு அல்லாத ஓக்லாசிடினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவற்றோடு வாரக் குளியல், உண்ணி மருந்து, மீன் எண்ணெய் எல்லாம் சேர்ந்துதான் பலன் தரும். டாக்டரை மாற்றும்போதெல்லாம் கதை முதலிலிருந்து தொடங்கும், அவரும் முதல் நாள் அந்த ஊசியைத்தான் போடுவார்.

ஒரே டாக்டரிடம் நில்லுங்கள், முடிந்தால் தோல் நோய்களைத் தனியாகப் பார்க்கிறவரிடம். போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: அரிப்பு எந்த மாதத்தில் தொடங்கியது, வருஷம் முழுக்க இருக்கிறதா மழைக்கு மட்டுமா, உடம்பில் எந்த இடம் முதலில், என்ன சாப்பாடு என்ன தின்பண்டம், கடைசியாக உண்ணி மருந்து எப்போது, இதுவரை போட்ட ஊசி மாத்திரைகளின் பெயர், வீட்டில் மனிதர்களுக்கு அரிப்பு உண்டா. பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள். போவதற்கு முதல் நாள் குளிப்பாட்டிப் பளபளவென்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சுரண்டிப் பார்க்க அந்தப் பக்கும் பிசுக்கும் அவருக்கு வேண்டும்.